கழித்துப் பார்த்தால் நான் நல்ல ஓட்டக்காரன்

கணக்குப் படிப்பிக்கிறவனுக்குக் கணக்கில் பிழை வராது என்று நம்புகிற பெற்றோர் திருகோணமலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள் என்பதால் இந்த விஷயத்தை இவ்வளவு காலமும் நான் எழுதவில்லை. போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி எழுதலாம். என் வாழ்க்கையில் நான் விட்ட பெரிய பிழை ஒரு கழித்தல் கணக்கு. அதைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு ஓடப் போனேன்.

அது சமாதானப் பேச்சு நடந்த காலம். சண்டை ஓய்ந்திருந்தது, ஆனால் எங்கள் ஊரில் மண்மூட்டைகளை யாரும் அகற்றவில்லை. எனக்கு முப்பத்திநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, விடிய எழும்பினால் பள்ளிக்கூட நேரம் வரும்வரை செய்ய வேலையுமில்லை. ஓடத் தொடங்கினேன். அன்புவழிபுரத்தில் என் வீட்டு ஒழுங்கையில் தொடங்கி, மட்டிக்களி, உட்துறைமுக வீதி, உவர்மலை ஏறி இறங்கி, ரவுண் கடைத்தெருவுக்குள்ளால் திரும்பி வந்தால் ஒரு சுற்று ஏழு கிலோமீற்றர். (சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் அளந்தது.) அந்த ஏழுக்குள் ஐந்து சென்றி, அதாவது ஆமிக் காவலரண்.

முதல் வாரம் மார்க்கற் பக்கம் ஓடியபோது இரண்டு கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டினார்கள். மரக்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா என் பின்னாலேயே ஓடி வந்து, மூச்சு வாங்க, “தம்பி, எங்க நடந்தது?” என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒருவன் காரணமில்லாமல் ஓடுவதை அதுவரை அவர் கண்டிருக்கவில்லை.

சென்றியில் ஓட்டக்காரனுக்கு என்று ஒரு முறை உண்டு. ஐம்பது யார் தூரம் இருக்கும்போதே ஓட்டத்தை விட்டு நடக்க வேண்டும். தொப்பியைக் கையில் எடுக்க வேண்டும். அடையாள அட்டையை நீட்ட வேண்டும். ஆமிக்காரர் அட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்து, ‘ம்’ என்பார். பிறகு இன்னொரு ஐம்பது யார் நடந்துவிட்டு ஓடலாம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை இது. துவக்கு வைத்திருக்கிறவனை நோக்கி ஓடக்கூடாது என்பது அங்கே பிறந்த எவருக்கும் தெரியும். மூன்று சுற்று ஓடினால் அதே ஆமிக்காரர் அதே அட்டையை மூன்று தரமும் புதிதாகப் பார்ப்பார்.

இப்போது என் கணக்குக்கு வருவோம். மூன்று சுற்று இருபத்தொரு கிலோமீற்றர், ஏறக்குறைய ஒரு அரை மரதன். அதில் பதினைந்து சென்றி. சென்றியில் போகிற நேரம் என்னுடைய நேரமில்லை, அரசாங்கத்தின் நேரம் என்று நான் தீர்மானித்தேன். ஆகவே நடக்கத் தொடங்கும்போது கையிலிருந்த டிஜிட்டல் மணிக்கூட்டை நிறுத்துவேன், திரும்ப ஓடத் தொடங்கும்போது முடுக்குவேன். இப்படிப் பார்த்தால் அரை மரதனை ஒரு மணி இருபத்தாறு நிமிடத்தில் ஓடி முடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கொப்பியில் ‘தேறிய நேரம்’ என்று தலைப்புப் போட்டுத் தினமும் குறித்தேன். (அந்தக் கொப்பிக்கு உறையும் போட்டிருந்தேன். வெட்கம்தான்.)

அந்த வருடம் அகில இலங்கைப் போட்டியின் மரதனுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்றார்கள். ஒரே ஒரு இடம். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் விளையாட்டுப் போட்டி என்றால் என்னைப் புள்ளி கூட்டத்தான் உட்கார வைப்பார்கள். ஒருநாளாவது மற்றவன் என்னுடைய புள்ளியைக் கூட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குள்ளே சாகாமல் கிடந்தது.

விளையாட்டு அதிகாரியின் அறைக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னமே நசீர் நின்றார். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிக்காரர், இருபத்தாறு வயது, மீன் லொறிக்கு ஐஸ் பெட்டி ஏற்றுகிற வேலை.

“அரை மரதனுக்கு நசீர் ஒண்டு நாப்பது சொல்லுறார். நீங்கள்?” என்று அதிகாரி கேட்டார்.

“ஒண்டு இருபத்தாறு, சேர்.”

“வழியில சென்றியள் மறிப்பாங்களே?”

“அதெல்லாம் கழிச்சுத்தான் சேர்.”

“கணக்கு வாத்தியார் எண்டால் இப்பிடி இருக்கோணும்,” என்றார் அவர். பக்கத்து மேசையில் வசந்தி என்ற கிளார்க் என் பெயரை மேலேயும் நசீரின் பெயரைக் கீழே ‘மேலதிகம்’ என்றும் குறித்துக்கொண்டார். (வசந்தியின் கையெழுத்து மிக அழகு. அதை மட்டும்தான் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.)

“எதுக்கும் ரெண்டு பேரும் மைதானத்தில ஒருக்கா ஓடிக் காட்டுங்கோவன்,” என்றார் அதிகாரி.

அதற்கு ஓம் என்றிருந்தால் என் மானம் ஊருக்குள்ளேயே போயிருக்கும், பஸ் செலவும் மிஞ்சியிருக்கும். ஆனால் வாசிகசாலையில் ஓட்டப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் படித்திருந்தேன். பெரிய ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்னர் ஒரு அரை மரதன் ஓடி உடம்பைச் சரிபார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. வசந்தி கேட்கிற தூரத்தில் இருந்ததால் சற்றுச் சத்தமாகவே சொன்னேன்: “ஐம்பத்திரண்டு சுற்று சுத்தினால் தலைதான் சுத்தும் சேர். வாற மாதம் கொழும்பில அரை மரதன் இருக்கு. அதில ஓடி சேட்டிபிக்கற் கொண்டு வாறன். எனக்கு அது சும்மா ஒரு பயிற்சி மாதிரி.”

நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிற போட்டியைச் ‘சும்மா ஒரு பயிற்சி’ என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியாது. “அப்ப நசீரும் போகட்டும், துணைக்கு,” என்றார் அதிகாரி.

நான் பஸ்ஸில் போனேன். நசீர் மீன் லொறியில் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்து வந்தார். ஓட்டத்துக்கு முதல்நாள் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் அவருடைய நேரக் கணக்கை விசாரித்தேன். வீட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு ஓடப் போவாராம். திரும்பி வந்து அதையே பார்ப்பாராம். இடையில் தண்ணீர் குடித்தது, மாடு மறித்தது, மாமனாரோடு நின்று கதைத்தது எல்லாம் அந்த ஒன்று நாற்பதுக்குள் அடக்கம்.

“நீங்களும் கழிக்கலாமே நசீர்,” என்றேன் பெருந்தன்மையோடு.

“என்னத்துக்கு சேர்? போன நேரம் போன நேரம்தானே,” என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு பராட்டாவுக்குச் சொன்னார்.

காலையில் காலிமுகத்திடலில் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நசீருக்குப் புத்தி சொன்னேன்: “ஆரம்பத்தில மெல்ல வாங்கோ. இது நீளமான ஓட்டம்.” பிறகு நான் பறந்தேன். முன்வரிசை ஆட்களுக்குச் சற்றுப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். ஒன்றரைக் கிலோமீற்றர் வந்தது. என் கால்கள் தாமாகவே மெதுவாகின. சந்தியில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். என் கை என்னைக் கேளாமலே தொப்பிக்குப் போனது. அவர் விசில் அடித்து, போ போ என்று கை காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. கடமையைச் செய்யாத பொலிஸ் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மூன்றாவது கிலோமீற்றரில் சென்றியில்லை, ஐந்தாவதிலும் இல்லை. சமாதானம் வந்ததென்று கொழும்பில் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு சென்றி எப்போது வரும் என்று ஏங்கினேன். ஆறாவது கிலோமீற்றரில் நசீர் பக்கத்தில் வந்தார். “சேர், சுகமா?” என்றார். “நீங்கள் போங்கோ. நான் வேகத்தைக் கட்டுப்படுத்துறன்,” என்றேன். வேகம் என்று சொல்லும்படியாக என்னிடம் அப்போது எதுவும் மிச்சமிருக்கவில்லை.

எட்டாவது கிலோமீற்றரில்தான் கணக்கு விளங்கியது. ஒவ்வொரு சென்றியிலும் நடை, நிற்றல் எல்லாம் சேர்த்து மூன்று நிமிடமாவது போயிருக்கும். நான் கழித்தது நேரத்தை மட்டும். அந்த நேரத்தில் ஆறிய களைப்பைக் கணக்கில் சேர்க்கவேயில்லை. ஒருநாள்கூட நான் இருபத்தொரு கிலோமீற்றர் ஓடியதில்லை. ஒன்றரைக் கிலோமீற்றரைப் பதினைந்து தரம் ஓடியிருக்கிறேன்.

அப்படியானால் நடந்திருக்கலாமே என்பீர்கள். நடப்பது தோல்வி. சென்றியில் நிற்பது தோல்வியல்ல, அது நாட்டு நிலைமை. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது மிகத் தெளிவாக இருந்தது.

பதின்மூன்றாவது கிலோமீற்றரில், ஒரு பெரிய அரசாங்கக் கட்டிடத்தின் மதிலடியில், மண்மூட்டையும் தகரக் கூரையுமாக ஒன்று தெரிந்தது. வாசலில் ஒரு ஆமிக்காரர் நின்று ஓட்டக்காரருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது யார் முன்னமே நடக்கத் தொடங்கினேன். தொப்பியைக் கையில் எடுத்தேன். பொலித்தீன் பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

அவர் கைதட்டுவதை நிறுத்தினார். “போ, போ,” என்று சிங்களத்தில் சொன்னார். நான் போகவில்லை. அட்டையை இன்னும் கிட்ட நீட்டினேன். வேண்டாவெறுப்பாக வாங்கிப் பார்த்தார். திருகோணமலை என்ற விலாசத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

“உன்னை யார் மறித்தது?”

“யாருமில்லை.”

“அப்படியென்றால் ஏன் வந்தாய்?”

“காட்ட.”

ஓடுகிற இத்தனை பேருக்குள் ஒரு தமிழன் மட்டும் தானாக வந்து, கேளாமலே அட்டையை நீட்டிக்கொண்டு நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். அவர் உள்ளே இருந்த பெரியவரைக் கூப்பிட்டார். கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தக் கதிரை முதல் ஐந்து நிமிடமும் சொர்க்கமாக இருந்தது. பிறகு ஒருவர் என் அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே தொலைபேசியடிக்குப் போனார். அப்போது பயம் வந்தது. விளையாட்டுப் பயமல்ல. அப்படி உட்கார வைக்கப்பட்டு வீடு திரும்பாத ஆட்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். சமாதானம் என்பது ஒரு தொலைபேசிக்கு இந்தப் பக்கம்தான் என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. ஓட்டக்காரர் எல்லாரும் போய்த் தெருவும் வெறிச்சோடியது. அப்போது கழுத்தில் பதக்கத்தோடு நசீர் வந்தார். ஓட்டத்தை முடித்துவிட்டு, என்னைக் காணாமல், குறுக்கு வழியால் தேடி நடந்திருக்கிறார். மீன் ஏலத்தில் பழகிய சிங்களத்தில் அவர்களோடு கதைத்தார். நீண்ட கதை. கடைசியில் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தார்.

“என்ன சொன்னனீங்கள் நசீர்?”

“கணக்கு வாத்தியார் எண்டன் சேர். அவங்களுக்கு விளங்கிட்டு.”

மிச்சம் எட்டுக் கிலோமீற்றரையும் என்னோடு அவர் செருப்புக் காலோடு வந்தார். முடிவுக் கோட்டு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எனக்காகக் கொஞ்சம் பொறுத்தார்கள். மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதிச் சேட்டிபிக்கற் தந்தார்கள். நசீருடையதில் ஒரு மணி முப்பத்திநான்கு.

அந்தத் தொலைபேசி விசாரணையால் நாங்கள் வருமுன்னமே கதை ஊருக்கு வந்துவிட்டது. “பாவம் வாத்தியார், கொழும்பிலயும் பிடிச்சு இருத்திப்போட்டாங்கள்,” என்று சனம் என்னைப் பார்க்க வந்தது. ஒருவர் செவ்விளநீர் கொண்டு வந்தார். நான் மறுக்கவில்லை. மூன்று நாள் நான் ஊருக்குள் ஒரு வீரன். நசீர் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் பெயர் அனுப்புகிற நாள். அதிகாரி என் சேட்டிபிக்கற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “மறிச்சு வைச்சது உங்கட பிழையில்லை. இதை ஓட்டமாவே எடுக்கேலாது. உங்கட பழைய நேரத்தையே போடுவம்,” என்றார். பிறகு மற்றப் பக்கம் திரும்பி, “நசீர், உமக்கு வாற வருசம் பாப்பம்,” என்றார்.

“ஓம் சேர்,” என்றார் நசீர். சேட்டிபிக்கற்றை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். வருகிற வருடம் பாதை திறந்திருக்குமோ, ஆட்கள் இருப்பார்களோ என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது அவருக்கும் தெரியும். வசந்தி பேனையை எடுத்துவிட்டார்.

“சேர்,” என்றேன், “அவங்கள் மறிக்கேல்லை.”

“என்ன?”

“நான்தான் போய் நிண்டனான். மூச்சு வாங்கிச்சு. அட்டையைக் காட்டினால் கொஞ்சம் நிக்கலாம் எண்டு நானாத்தான் நீட்டினனான். அவங்கள் போ எண்டுதான் சொன்னவங்கள். என்ர ஒண்டு இருபத்தாறும் பொய். கழிக்காமல் பாத்தால் ரெண்டு மணிக்கும் மேல. நசீரின்ரை பேரைப் போடுங்கோ.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் சிரித்தது வசந்திதான். அடக்கிப் பார்த்து, ஏலாமல், மேசையில் முகத்தை வைத்துச் சிரித்தார். பிறகு அதிகாரி. கடைசியில் நசீரும். நான் அந்த இடத்திலேயே செத்துவிடலாம் என்று நினைத்தேன். வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு கீறினார். அந்தக் கோடும் அழகாகத்தான் இருந்தது.

நசீர் போய் ஓடினார். பத்தொன்பதாவதாக வந்தார். எங்கள் மாவட்டத்துக்கு அது பெரிய காரியம். அதற்குப் பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, ஓட்டப் போட்டி பற்றி எவரும் கதைக்காத வருடங்கள் வந்தன. அவர் போனது நல்லதாய்ப் போயிற்று என்று இன்றைக்கும் எனக்கு நிம்மதி.

வசந்தியை நான் கல்யாணம் செய்தேன். தன்னைப் பற்றி அப்படியொரு கதையைத் தானே சொன்ன ஆம்பிளையை அதற்கு முன் கண்டதில்லை என்று சொன்னாள். அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கு எந்த எண்ணையும் சொல்லிவிட்டுத் தப்ப முடிவதில்லை. கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் வாறன் என்றால் பிள்ளைகள் இரண்டும் ஒரே குரலில், “கழிச்சோ, கழிக்காமலோ?” என்று கேட்பார்கள். பிறஷர் எவ்வளவு என்று டொக்டர் கேட்டாலும் வசந்திக்கு அதே கேள்விதான்.

போன மாதம் கனடாவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் முன்விறாந்தையில் உட்கார்ந்து, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று என்னிடம் கேட்டார். இருபது என்றேன்.

“கழிச்சோ, கழிக்காமலோ?” என்று குசினிக்குள்ளிருந்து வசந்தியின் குரல் வந்தது.

சண்டை, கோபம், இடம்பெயர்வு, அவள் தாய்வீட்டுக்குப் போய் இருந்த மூன்று மாதம் எல்லாவற்றையும் ஒருக்கால் நினைத்துப் பார்த்தேன்.

“கழிக்காமல்,” என்றேன்.