மாத்தளையில் பாசி வளர்த்த மாப்பிள்ளை

தன் ஊரில் விளையாத ஒன்றை வளர்த்துக் காட்டுகிறேன் என்று புறப்படுகிறவனைப் பைத்தியம் என்று சொல்லக்கூடாது. பைத்தியத்துக்காவது மருந்து உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை. பாலைவனத்தில் பலாக்கன்று நடுவான், மலையுச்சியில் வாத்து வளர்ப்பான், நாலு பேர் வந்து பார்த்து "அட!" என்று சொன்னால் போதும், மேலும் இரண்டு வாத்து வாங்குவான்.

நான் வளர்த்தது கடற்பாசி. வளர்த்த இடம் மாத்தளை.

எங்கள் ஊரையும் கடலையும் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரு உறவும் கிடையாது. கடலிலிருந்து எங்களுக்கு வருபவை கருவாடு, மாசி மீன், உப்பு. மூன்றும் செத்த பிறகுதான் வந்து சேரும். (உப்பு எப்போது உயிரோடு இருந்தது என்று கேட்காதீர்கள். அந்த வயதில் எனக்கு அதைவிட மோசமான சந்தேகங்கள் எல்லாம் இருந்தன.)

எழுபதுகளுக்குச் சற்று முந்திய காலம். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் மிளகு, ஏலம், ஜாதிக்காய் வியாபாரம். கடைக்குப் பின்னால் வீடு. கடையில் இடம் போதாத மூட்டைகள் வீட்டு முன்னறையில் அடுக்கியிருக்கும். பரீட்சையில் தவறிய நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதைக் கவனியுங்கள். வேலை செய்தேன் என்று சொல்லவில்லை.

என் அக்கா ராத்தாவின் கணவர் மச்சானுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. ஒரு பெருநாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது, மச்சான் என்னைத் தன் மேலதிகாரியின் பங்களாவுக்கு அழைத்துப் போனார். அங்கே வரவேற்பறையில் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் கடல்நீர். மீன் ஒன்றுகூட இல்லை. கல்லில் ஒட்டிய பாசிகள் மட்டும் ஒரு தோட்டமாக நின்றன. சிவப்பில் தூவி போல ஒன்று, பழுப்பில் விசிறி போல ஒன்று, நடுவில் பச்சைத் திராட்சைக் குலைகளாக ஒன்று. தண்ணீர் அசையும்போது அத்தனையும் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தன. உண்மையாகவே அழகுதான். அதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்ற எண்ணம்தான் எனக்கு வரவில்லை.

அந்தத் திராட்சைப் பாசி ஒட்டிய கற்களைத் திருகோணமலைக் கரையில் பொறுக்கி, ஈரச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். தம்புள்ளையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். நாலந்தா வருமுன்னே முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். இளைஞனுக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கால் நீட்டி வந்தேன்.

தொட்டியைத் தச்சரிடம் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, மக்கு பூசி எடுத்தேன். கிணற்று நீரில் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். முதல் பாசி செத்தது. கடல்நீர் வேறு, குழம்புநீர் வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு, வாப்பாவின் சிநேகிதருக்குத் திருகோணமலையிலிருந்து கருவாடு ஏற்றி வரும் லொறிச் சாரதி பியசேனவைக் கெஞ்சி, எண்ணெய்த் தகரங்களில் கடல்நீரும் புதிய பாசிக்கல்லும் வரவழைத்தேன்.

"மொதலாளிக்கு கருவாடு, ஒங்களுக்கு கருவாடு ஊறின தண்ணி," என்று பியசேன தனக்குத் தெரிந்த தமிழில் தகரத்தை இறக்கினார்.

காற்றுக்கு என்ன செய்வது? லொறி டியூப் ஒன்றில் சைக்கிள் கடையில் காற்றடித்து, வாயில் சின்ன இறப்பர்க் குழாய் மாட்டி, கவ்வி ஒன்றால் இறுக்கி, குழாயைத் தண்ணீருக்குள் விட்டேன். கவ்வியைத் தளர்த்தினால் குமிழ் குமிழாக வரும். உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத யோசனை என்று அப்போது நம்பினேன்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தடவை பாசி வளர்ந்தது. கல்லை மூடி, கண்ணாடியில் ஏறி, குலை குலையாகத் தொங்கியது. என் தலைக்கனமும் கூடவே வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"மீன் எங்க தம்பி?"

"மீனை எவனும் வளப்பான். பாசி வளக்க ரசன வேணும்."

இப்படி ஒருவன் என் முன்னால் இன்று நின்று சொன்னால் அவனை அந்தத் தொட்டியிலேயே அமுக்குவேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். கலியாணத் தரகர் காசீம் காக்காவுக்கு என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எதுவும் அகப்படவில்லை. படிப்பு இல்லை, தொழில் வாப்பாவுடையது, உயரமும் சுமார். ஆகவே உக்குவளையில் ஒரு வசதியான ஹாஜியார் வீட்டில் போய், "மாப்புள கடப்பாசி வளக்கிறாரு. மாத்தளையில வேற யாரு வளக்கிறா, செல்லுங்க பாப்பம்?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் கடற்பாசி என்றால் தின்பண்டம். கடையில் நரைத்த மயிர்க்கட்டுப் போல விற்பார்கள். அதைக் கொதிக்க வைத்து, சீனி, தேங்காய்ப்பால், ஏலம் சேர்த்து, நிறம் ஊற்றித் தட்டில் ஆறவைத்தால் இறுகி நிற்கும். வில்லை வில்லையாக வெட்டலாம். நோன்பு திறக்கும் நேரத்தில் அது இல்லாத வீடு இல்லை. ஹாஜியார் வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள்? நோன்பு மாதத்தில் ஊருக்கே பாசி கொடுக்கும் பண்ணைக்காரன் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளையையும் பண்ணையையும் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் வருமுன் தொட்டியை இன்னும் செழிப்பாக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தேயிலைக்குப் போடும் உரம் வாப்பாவின் வாடிக்கையாளர் ஒருவரிடம் இருந்தது. மலை முழுக்கப் பச்சையாக்குகிற சாமான் ஒரு தொட்டியைப் பச்சையாக்காதா? ஒரு கை அள்ளிப் போட்டேன். டியூபில் இருந்த காற்றை விருந்தாளிகள் முன்னால் விடவேண்டும் என்று முதல்நாள் மாலையே கவ்வியை இறுக்கினேன். உம்மாவின் நல்ல மேசைவிரிப்பால் தொட்டியை மூடி, "யாரும் தெறக்கக் கூடாது," என்று கட்டளை போட்டேன். அந்தக் கட்டளைக்கு வீட்டில் கீழ்ப்படிந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்குத் திறந்து பார்க்கும் ஆசையே இருக்கவில்லை.

மறுநாள் ஹாஜியார் வந்தார். அகலமான மனிதர். கூடவே அவர் மனைவியும், பெண்ணின் தாய்மாமனும். முன்னறையில் ஏலமும் கராம்பும் மிளகும் மூட்டை மூட்டையாக இருந்ததால் வேறு எந்த வாசமும் யார் மூக்குக்கும் எட்டவில்லை. என் வருங்கால மாமி உள்ளே உம்மாவோடு உட்கார்ந்துகொண்டார்.

உம்மா உபசாரத்துக்கு என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கடற்பாசிதான். நல்ல கடையில் பாசி வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றி, இளம்பச்சை நிறம் சேர்த்து, வைரவடிவில் வெட்டித் தட்டு நிறைய அடுக்கி அனுப்பினார். ஹாஜியார் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்தார்.

"மிச்சம் நல்லா ஈக்குது," என்று மெச்சினார். "இது தம்பி வளத்த பாசியா?"

உண்மை என் நாக்கில்தான் இருந்தது. இல்லை, இது கடையில் வாங்கியது, நான் வளர்ப்பது அழகுக்கு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஹாஜியார் என்னை அவ்வளவு மதிப்போடு பார்த்தார். அந்த வயதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஓம் மாமா," என்றேன். "காலையில பறிச்சது."

(பறித்ததாம்! கொய்யாக்காயா?)

வாப்பா என்னைப் பார்த்தார். தாய்மாமன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஹாஜியாரும் மச்சினனும் கடைசி வில்லைவரை ஓயவில்லை.

"அப்ப பண்ணையக் காட்டுங்களேன்," என்றார் ஹாஜியார், வாயைத் துடைத்துக்கொண்டு.

எல்லாரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனேன். வித்தைக்காரன் போல ஒரு மூலையில் நின்று, மேசைவிரிப்பை ஒரே இழுப்பில் உருவினேன்.

தொட்டிக்குள் ஒரு இலைகூட இல்லை. குலை இல்லை, கல் தெரியவில்லை. பாசி முழுவதும் கரைந்து, தண்ணீர் இளம்பச்சைப் பாலாக நின்றது. அவர்கள் சற்று முன்னே தின்று முடித்த வில்லையின் அதே நிறம். இறுகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இடத்திலாவது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. காற்று விட்டால் தெளியும் என்று ஒரு நினைப்பு. கவ்வியை முழுக்கத் தளர்த்தினேன். புதிதாகக் காற்றடித்த லொறி டியூப், தன் ஆத்திரம் எல்லாவற்றையும் தொட்டியின் அடியில் கொட்டியது. கீழே கிடந்த கறுப்புச் சகதி கிளம்பி மேலே வந்தது. நுரை பொங்கியது. அதோடு வாசம் வந்தது. அழுகிய முட்டையையும் செத்த நண்டையும் ஒரே சட்டியில் போட்டு மூடி வைத்துத் திறந்தாற்போல. வாப்பாவின் அத்தனை மூட்டை ஏலமும் அதன் முன் தோற்று ஓடியது.

"தம்பி," என்றார் ஹாஜியார், மிக மெதுவாக. "நாங்க இப்ப தின்னது... இதுவா?"

"இல்ல மாமா! அது கடையில வாங்கினது!"

"காலையில பறிச்சதுன்னு சென்னீங்களே?"

வாசல் திரைக்குப் பின்னாலிருந்து உம்மா கத்தினார். "அல்லா மேல சத்தியமா கடையில வாங்கின பாசிதான்! எங்கட கையால காச்சின!"

ஹாஜியார் வாப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்ப மாப்புள எங்களுக்குப் பொய் சென்னாரா? இல்லாட்டி இந்த அசிங்கத்தத் தின்னத் தீத்தினாரா? ரெண்டுல ஒண்ட செல்லுங்க."

என் வாப்பா நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவர். கெட்டுப்போன இரண்டு சரக்கில் எது குறைந்த நட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"பொய்தான் ஹாஜியார்," என்றார், நெஞ்சில் கைவைத்து. "இவன் சின்ன வயசிலயிருந்தே பொய்தான் செல்றவன். யாருட்ட வேணும்னாலும் கேளுங்க!"

அவர் குரலில் இருந்த உற்சாகம் இன்றும் என் காதில் கேட்கிறது. என்னைப் பற்றி அவர் சபையில் பெருமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார். ஒருவேளை நம்பத் தொடங்கியும் இருக்கலாம். ஆனால் தாய்மாமனின் வயிறு நம்பவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு முன்னறையைத் தாண்டி, கடையைத் தாண்டி ஓடினார். கடைத்தெருச் சாக்கடைக் கானில் குனிந்தார். சந்தை நாள். யட்டவத்தயிலிருந்து வந்தவர்கள், ரத்தோட்டையிலிருந்து வந்தவர்கள், எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் வட்டம் கட்டி நின்று பார்த்தார்கள். ஊருக்குத் தெரியப்படுத்த வேறு அறிவிப்பு தேவைப்படவில்லை.

மாமி மட்டும் ஒரு வில்லையும் தின்னவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது. போகும்போது முகத்தை முந்தானையால் மூடியிருந்தார். அழுகிறார் என்று நினைத்து உம்மா தோளைத் தொட்டார். மாமி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தாலும் சம்பந்தம் முறிந்தது முறிந்ததுதான். ஹாஜியார் வாசலில் செருப்பைப் போடும்போது வாப்பாவிடம், "புள்ளய வெளிநாட்டுக்கு அனுப்புங்க," என்று மட்டும் சொன்னார்.

தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக அள்ளிக் கொல்லையில் ஊற்றினேன். அடுத்த மாதம் உம்மாவின் கறிவேப்பிலை மரம் பட்டுப்போனது. அதற்காக உம்மா அழுத அழுகையில் பாதிகூட என் கலியாணம் முறிந்ததற்கு அழவில்லை.

பிறகு சில வருஷம் என் பெயர் எடுத்தாலே பெண் வீட்டார் சிரித்தார்கள். காசீம் காக்கா கடைசியில் யட்டவத்தயில் ஒரு இடம் பேசி முடித்தார். "மாப்புளைக்கு இப்ப ஒரு வளப்பும் இல்ல, அவர மட்டுந்தான் வளக்க வேணும்," என்று சொல்லியே முடித்தாராம். என் மனைவி அதைக் கேட்டுத்தான் சம்மதித்தேன் என்கிறாள். வளர்ப்பு இன்னும் முடியவில்லை என்றும் சொல்கிறாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நோன்பு மாதத்தில் கடற்பாசி உண்டு. பாங்கு ஒலிக்கும், பேரீச்சம்பழம் எடுப்போம், கஞ்சி குடிப்போம். பிறகு தட்டு வரும். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், விருந்துக்கு வந்த சம்பந்திகள், யாருமே கை நீட்ட மாட்டார்கள். மனைவி தட்டை என் முன்னால் நகர்த்துவாள்.

"மொதல்ல நீங்க தின்னுங்க," என்பாள்.

நான் ஒரு வில்லையை எடுத்து வாயில் போடுவேன். எல்லாரும் பேச்சை நிறுத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் விழுங்குவேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் தட்டு நகரும்.