கீழே போன முந்நூறு லீற்றர்

"நிப்பாட்டாத விஜி, இன்னும் நெறையல."

நாகலெட்சுமி டீச்சர் சொன்னால் விஜிதரன் நிறுத்தமாட்டான். எட்டாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர்தான். ஆகவே தண்ணீர்க் குழாயை வேனின் வயிற்றில் சொருகியபடி, மலை ஊற்றுப் பீலியிலிருந்து வரும் தண்ணீர் உள்ளே இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். வேனின் மூக்கு மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.

அது சாதாரண வேன் அல்ல, வீட்டு வேன். ஹட்டனில் கடை வைத்திருக்கும் ஹமீத் முதலாளி ஜப்பானிலிருந்து இறக்கியது. உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க், ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் குளிக்கக்கூடிய ஒரு குளியலறை, எல்லாம் இருந்தன. கூடவே ஒரு கையேடும் வந்தது. அது ஜப்பான் மொழியில் இருந்தது. ஹமீத் முதலாளி அதை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, படங்கள் நன்றாக இருக்கின்றன என்றார்.

"தண்ணி டேங்க் முன் சீட்டுக்கு அடியில இருக்கு. முன்னூறு லீற்றர்," என்று அவர் விஜிதரனுக்கு விளக்கியிருந்தார். "சிங்க்ல ஊத்துனா கீழ போயிரும். இதுக்கு மேல தெரிஞ்சிக்க ஒன்னுமில்ல."

அதற்கு மேல் இருந்தது ஒரேயொரு விஷயம். வண்டி ஒன்று, டிரைவர் வேலைக்கு ஆள் இரண்டு.

"இன்னைக்கு நாலு மணிக்கு நுவரெலியா ஏரிக்கரையில டூரிஸ்ட் கம்பனிக்காரர் வண்டியப் பாக்க வர்றாரு. நானும் அங்கதான் இருப்பேன். நாலு மணிக்கு வண்டி வந்து நின்னா நீ டிரைவர். நிக்காட்டி பிரதாப் டிரைவர். வெளங்குதா?"

விளங்கியது. எட்டு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டியவன் விஜிதரன். அந்த வேனை விற்றுவிட்டார்கள். இரண்டு மாதமாக ஸ்டியரிங் பிடிக்காத கைகள், வீட்டில் சோற்றுத் தட்டை வைத்தால் அதையும் இரண்டு பக்கமும் பிடித்து, சாப்பிடுவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தன.

முதல் பயணிகள் டீச்சரும் அவருடைய கணவர் அழகனும். அழகன் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாள் சுற்றுலா. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: சொந்தத் தண்ணீர்.

"தண்ணி மாறுச்சுன்னா எனக்குத் தும்மலும் தடிமனும் புடிச்சிரும்," என்றார். கொழும்பில் கண் ஆபரேஷனுக்குப் போனபோதும் வீட்டுப் பீலித் தண்ணீரை எட்டுப் போத்தல்களில் கொண்டுபோனவர் அவர். "அதோட, கண்ட தண்ணியில தேத்தண்ணி ஊத்துனா தேயில கோவிச்சுக்கும்."

டீச்சர் கணக்குப் போட்டுவிட்டார். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மூன்று லீற்றர், தேத்தண்ணிக்கு இரண்டு, சமைக்க ஐந்து, கழுவப் பத்து, குளிக்க முப்பது. மொத்தம் ஐம்பது. இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு முந்நூறு. டேங்கும் முந்நூறு. மீதியே இல்லாமல் வந்த விடையைப் பார்த்து டீச்சர் தனக்குத்தானே ஒரு சரி போட்டுக்கொண்டார்.

"டீச்சர், ஒரு லீற்றர்னா ஒரு கிலோங்க," என்று இழுத்தான் விஜிதரன். "முன்னூறு கிலோவ வெச்சுக்கிட்டு மலை ஏறணும்..."

"எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா? எட்டாம் வகுப்புல நீ எடுத்த மார்க் எனக்கு இன்னும் மறக்கல."

அவனுக்கும் மறக்கவில்லை. பதினொன்று.

டேங்க் நிறைந்தது. பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள்.

கொட்டகலை ஏற்றத்தில் ஒரு பஸ் அவர்களை முந்தியது. அது வழக்கம். தேயிலைக் கொழுந்து லொறி முந்தியது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பிறகு தலையில் புல்லுக்கட்டோடு நடந்து வந்த ஒருவர் முந்தினார். முந்தியதோடு விடாமல் திரும்பி, ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "தள்ளி விடவா தம்பி?" என்று கேட்டார். வண்டியோடு பேசிக்கொண்டே வருவதற்காக அவர் நடையைக் குறைக்க வேண்டியிருந்தது.

"டீச்சர், இப்பிடியே போனா நாளைக்கு நாலு மணிக்குத்தான் போவோம்," என்றான் விஜிதரன். "பாரத்தக் கொறைக்கணுங்க."

டீச்சர் கணக்குக் கொப்பியைத் திறந்தார். "குளிக்கிறத விட்டுருவோம். நுவரெலியாக் குளுருல எவன் குளிக்கப் போறான்? முப்பது தர ரெண்டு தர மூனு, நூத்தி எம்பது."

"எங்க ஊத்துறது? நிப்பாட்டச் சொல்லு," என்றார் அழகன்.

"ஐயா, இந்த ஏத்தத்துல நிப்பாட்டுனா மறுபடி கெளம்பாதுங்க. ஓட ஓடவே ஊத்துங்க. சிங்க்ல தொறந்து விட்டாப் போதும், கீழ போயிரும்னு மொதலாளி சொன்னாரு."

மலையில் பிறந்தவர்களுக்குக் கீழே என்பது ஒரே இடம்தான். லயத்து வீட்டு வாசலில் ஊற்றிய தண்ணீர் வடிகானில் விழும், கான் வழியே கீழ் லயத்துக்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்குப் போகும். ஊற்றிய தண்ணீர் எங்கே போயிற்று என்று மலையில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

டீச்சர் குழாயைத் திறந்தார். தண்ணீர் சுழன்று கடகடவென்று இறங்கியது. அழகன் கையைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டில் நிற்பவர் போலப் பக்கத்தில் நின்றார். வெளியே டெவோன் நீர்வீழ்ச்சி, யாரும் குடிக்கவில்லையே என்ற கவலை சிறிதுமின்றிக் கொட்டிக்கொண்டிருந்தது.

நூற்றெண்பது லீற்றர் போனதும் வேனின் மூக்கு மேலே எழும்பியது.

"பாத்தியா, எலேசாயிருச்சு!" என்றார் டீச்சர்.

மூக்கு இலேசானது உண்மைதான். ஸ்டியரிங், காற்றில் விட்ட பட்டம் மாதிரி ஆடியது. ஆனால் வேகம் மட்டும் கூடவில்லை. கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் கொறைக்கலாங்களா?"

"கழுவுறத வெட்டு," என்றார் டீச்சர், வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும் மந்திரியைப் போல. "அறுபது. கோப்பைய வழிச்சுச் சாப்புட்டாக் கழுவத் தேவையில்ல."

அறுபதும் கீழே போனது. சென் கிளேயர் வளைவில் வண்டியின் பின்புறம் ரோட்டில் 'சர்ர்' என்று உரசியது.

"பின்னால பாரமா இருக்குங்க," என்றான் விஜிதரன்.

"பின்னால நாங்க ரெண்டு பேருந்தான இருக்கோம்," என்றார் அழகன். பிறகு மனைவியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?"

"நான் வெளிய பாத்தேன் டீச்சர்." கல்யாணமான நாளிலிருந்து அவரும் மனைவியை டீச்சர் என்றே அழைத்துவந்தார். அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது.

இருவரும் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அப்போதும் உரசியது. அரிசி மூட்டை முன்னால் வந்து டீச்சர் மடியில் ஏறியது. உடுப்புப் பை வந்தது. குக்கர் வந்தது. அதற்கு இடமில்லாததால் அழகன் அதைக் கியருக்கு மேல் பிடித்துக்கொண்டார். கியர் மாற்றும்போதெல்லாம் விஜிதரன், "ஐயா, குக்கரு," என்பான். அவர் தூக்குவார். அவன் மாற்றுவான். அவர் வைப்பார். தலவாக்கலை வருவதற்குள் இருவருக்கும் கை நன்றாகப் பழகிவிட்டது.

அப்போதும் உரசியது.

சமையல் தண்ணீர் முப்பது லீற்றர் தலவாக்கலையில் போனது. "பாண் வாங்கிச் சாப்புடுவோம்," என்றார் டீச்சர். குடிக்கிற தண்ணீர் பதினெட்டு லீற்றர் லிந்துலையில் போனது. "தேத்தண்ணியே குடிச்சுக்கலாம்," என்றார். ஒவ்வொரு தடவையும் மூக்கு இன்னும் எழும்பியது, வால் இன்னும் தாழ்ந்தது. ரோட்டைப் பார்ப்பதற்கு விஜிதரன் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது.

போன் அடித்தது. டீச்சர் அரிசி மூட்டைக்கு மேலாக அதை அவன் காதில் வைத்தார்.

"எங்க வர்ற?" என்றார் ஹமீத் முதலாளி.

"லிந்துலைங்க மொதலாளி."

"லிந்துலையா? புறப்பட்டு ரெண்டு மணித்தியாலம் ஆகுதே! நடந்தா வர்ற?"

நடந்து வந்தவர் எப்போதோ போய்விட்டார் என்று விஜிதரன் சொல்லவில்லை.

"பிரதாப்பும் இங்கதான் நிக்கிறான். சும்மா ஏரியப் பாக்க வந்தானாம். புதுச் சட்ட போட்டிருக்கான்."

போன் வைக்கப்பட்டது. பேசினால் பாரம் கூடிவிடும் என்று பயந்தவர்கள் போல மூவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சம் எவ்வளவு?" என்று கடைசியில் விஜிதரன் கேட்டான்.

"பன்னெண்டு. தேத்தண்ணிக்கு," என்றார் டீச்சர்.

"அதுல கை வெச்சா நான் எறங்கி நடந்துருவேன்," என்றார் அழகன்.

அவர் இறங்கினால் எழுபது கிலோ குறையும் என்பது விஜிதரனின் மனக்கணக்குக்கு எட்டியது. பதினொரு மார்க் எடுத்தவன் என்றாலும் அதை வெளியே சொல்லாத அளவு புத்தி இருந்தது.

நானுஓயா தாண்டிய ஏற்றத்தில் எஞ்சின் புகை விட்டது. பிறகு ஆவி விட்டது. பிறகு கேத்தில் மாதிரி விசில் அடித்தது. விஜிதரன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கி, பானெட்டைத் திறந்தான். ரேடியேட்டர் காய்ந்து கிடந்தது.

"தண்ணி வேணுங்க."

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் தேயிலை மலையைப் பார்த்தார்.

"ஐயா," என்றான் விஜிதரன் மெதுவாக. "ரெண்டு மாசமா வேல இல்லீங்க. மகள ஸ்கூலுக்கு நடத்தித்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். வேன் ஓட்டுற அப்பான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்துச்சு."

அழகன் உள்ளே போனார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பன்னிரண்டு லீற்றரையும் கேத்திலில் பிடித்துப் பிடித்து, தானே கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினார். அது முழுவதையும் குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டது.

"பீலித் தண்ணிடா," என்று அவர் எஞ்சினிடம் சொன்னார். "தடிமன் புடிக்காது."

எஞ்சின் உயிர் பெற்றது. விஜிதரன் முதல் கியரைப் போட்டான். வண்டி முக்கியது, நடுங்கியது, மூக்கை வானத்துக்குத் தூக்கியது, அங்கேயே நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வண்டி. ஓர் அடிகூட ஏறவில்லை.

மூன்று முப்பது. இன்னும் ஆறு கிலோமீற்றர்.

போன் மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

வண்டிக்குப் பின்னால் ரோட்டோரத்தில் ஒரு மரக்கறிக் கடை இருந்தது. அதிலிருந்து ஓர் அம்மா காலி வாளியோடு எழும்பி வந்தார். பெயர் ராக்காயி. கடைக்குக் கீழே அவருடைய லீக்ஸ் பாத்தி வெயிலில் தலை சாய்ந்து கிடந்தது.

"தம்பி, கொஞ்சம் தண்ணி தாங்களேன். பாத்தி வாடிப்போச்சு. போன மாசம் இதே மாதிரி வீட்டு வண்டியில வந்த வெள்ளக்காரங்க, கேக்காமலே பத்து வாளி குடுத்தாங்க."

விஜிதரனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, நடுவில் விக்கலாக முடிந்தது. "அம்மா, இந்த வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது."

"குளிக்கிற தண்ணி ஊத்தியாச்சு," என்றார் டீச்சர், அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி. "கழுவுற தண்ணி, சமைக்கிற தண்ணி, குடிக்கிற தண்ணி, எல்லாம் ஊத்தியாச்சு."

"எங்கங்க ஊத்துனீங்க?"

"சிங்க்லதான்."

"ஊத்தி?"

"ஊத்தி என்ன? கீழ போயிருச்சு."

ராக்காயி வாளியை வைத்தார். சேலையைச் செருகிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, அடியில் எட்டிப் பார்த்தார். கையை மடக்கி எதையோ இரண்டு தட்டுத் தட்டினார். பழுத்த பலாப்பழத்தைத் தட்டினால் வரும் சத்தம் வந்தது. பிறகு தலையை நிமிர்த்தி மூவரையும் பார்த்தார்.

"கீழதாங்க போயிருக்கு, ஆனா வண்டிய விட்டு எறங்கல. மேல் டேங்க்ல இருந்ததெல்லாம் இந்தக் கீழ் டேங்க்ல முட்ட முட்ட நிக்குது. அந்த வெள்ளக்காரங்க தொறந்த மாதிரி இந்தத் திருகுக் குழாயத் தொறந்து விடுங்க, எம் பாத்தியும் நனையும், உங்க வண்டியும் ஏறும்."