இலையில் அப்படியே இருந்த பிரியாணி

சங்கரன்கோவிலில் ஒருவனுக்கு வயிறு வலித்தால், காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. "என்ன அண்ணாச்சி, பிரியாணி கூடிப்போச்சோ?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எங்கள் ஊர் மட்டன் பிரியாணிக்காக வெளியூர்க்காரர்களே கார் பிடித்து வருகிறார்கள். உள்ளூர்க்காரன் நான் சும்மா இருப்பேனா? என் உடம்பில் ஓடுவது பாதி ரத்தம், பாதி சால்னா என்று சொந்தபந்தம் முழுக்க எனக்குப் பெயர்.

அந்தப் பெயர்தான் ஒரு நாள் என்னைக் கொல்லப் பார்த்தது. (பிரியாணி அல்ல, பெயர்.)

அதற்குச் சில மாதங்கள் முன்பு என் பெருங்குடலில் ஒரு கட்டி வந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. லேப்ராஸ்கோப்பி. வயிற்றைக் கிழிக்காமல், சின்னச் சின்ன ஓட்டை போட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டி விட்டார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று ரிசல்ட்டும் வந்துவிட்டது. நான் மனுஷனாக இருந்திருந்தால் அத்தோடு அடங்கியிருப்பேன். நானோ ஊருக்கே லேப்ராஸ்கோப்பி நிபுணர் ஆகிவிட்டேன். என் தறிக்குப் பாவு நூல் கொண்டு வருகிறவர், முடி வெட்டுகிறவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஒருவரையும் விடாமல் சட்டையைத் தூக்கித் தழும்புகளைக் காட்டினேன்.

"ஆபரேசன் பண்ணுன டாக்டரம்மாகூட இம்புட்டுப் பெருமப்படல" என்று என் மனைவி கோமதி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் கோமதியின் தம்பி முப்பிடாதி வீட்டில் காதுகுத்து வந்தது. அவன் பேத்திக்கு. காலையிலிருந்தே எனக்குத் தொப்புளைச் சுற்றி இழுத்து இழுத்து ஒரு வலி. வெளியே சொல்லவில்லை. சொன்னால் முதல் நாள் ராத்திரி எத்தனை பிளேட் தின்றேன் என்று விசாரணை ஆரம்பித்துவிடும். வாயை மூடிக்கொண்டு மண்டபத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் முப்பிடாதியின் சம்பந்தி. இலையில் பிரியாணி விழுந்தது. மேலே ஒரு நல்லி எலும்பு. எனக்கோ அந்த வாசனையே குமட்டியது.

"ஆபரேசன்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று சம்பந்தி மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

கேட்டால் போதாதா? எழுந்து நின்று சட்டையைத் தூக்கினேன். "இதப் பாருங்க, மொத்தமே இம்புட்டுத்தான்..." என்று ஆரம்பித்தபோது உள்ளே யாரோ குடலைப் பிடித்துப் பிழிந்த மாதிரி ஒரு வலி. அப்படியே மடங்கி விழுந்தேன். ஒரு கை தயிர்ப்பச்சடியில், சட்டை நெஞ்சுக்கு மேலே. (வீடியோக்காரர் கடமை தவறாதவர். காதுகுத்து வீடியோவில் குழந்தையைவிட என் தொப்புள்தான் அதிக நேரம் வருகிறது.)

மண்டபமே ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது: பிரியாணி. ஒருவர் சோடாவை உடைத்தார். ஒருவர் ஓமத் தண்ணீருக்கு ஆள் அனுப்பினார். முப்பிடாதி தேங்காய் எண்ணெயை இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டான்.

"அத்தானுக்குக் குடல் ஏறிருக்கு. நல்லா அமுக்கித் தடவி விட்டா எறங்கிரும். சட்டைய வேற அவுகளே தூக்கி வச்சிருக்காக."

"கைய எடுலே!"

குழம்பு வாளியோடு பந்தியில் நின்ற கோமதி போட்ட சத்தத்தில் மைக் செட் பாட்டே அடங்கியது போலிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சது வச்சபடி இருக்கு. நல்லி எலும்பக்கூடத் தொடல. காச்சல்ல கெடக்கும்போதுகூட இவுக பிரியாணிய வேண்டாம்னு சொன்னதில்ல. இது வாயுவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆபரேசன் பண்ணுன எடத்துல என்னமோ ஆயிருக்கு. ஒருத்தரும் வயித்துல கை வைக்கப்பிடாது. வண்டிய எடு."

"அக்கா, ரெண்டாம் பந்தி நிக்குதே. ஒரு வாயு மாத்திர குடுத்துப் பாப்போமே."

"நீ பந்தியப் பாரு. நான் புருசனப் பாக்கேன்."

முப்பிடாதி பந்தியை விட்டுவிட்டு வண்டியை எடுத்தான். திருநெல்வேலி ரோட்டில் மானூர் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் எமனை எட்டிப் பார்த்துத் திரும்பினேன். அந்த நிலையிலும் எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது. "திரும்பிருவோம் கோமு. வெறும் வாயுன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்" என்றேன்.

"சிரிக்கட்டும். அதப் பாக்கதுக்கு நீங்க இருக்கணும்லா" என்றாள். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை, வாந்தி எடுப்பதற்குத் தவிர.

ஆஸ்பத்திரியில் முதல் ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவே இருந்தார். கடையநல்லூர்க்காரர், சின்ன வயதுதான். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கோமதியிடம் சொன்னார்.

"குடலை ஒரு சவ்வு பிடிச்சு வச்சிருக்கும்மா. ஒரு துண்ட வெட்டி எடுக்கும்போது அந்தச் சவ்வுல ஒரு இடைவெளி விழும். அபூர்வமா சிலருக்குச் சிறுகுடல் அது வழியா நுழைஞ்சு மாட்டிக்கும். இதுவும் குடலிறக்கம்தான், ஆனா உள்ளுக்குள்ளேயே நடக்கும். வெளியே வீக்கம் எதுவும் தெரியாது. நான் செஞ்ச ஆபரேஷனால வந்ததுதான் இது. ரத்த ஓட்டம் நின்னுட்டா குடல் அழுகிடும். இப்பவே உள்ளே போகணும்."

வேலி இடுக்கில் தலையை விட்ட ஆடு மாதிரி என் குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. "நான் செஞ்ச ஆபரேஷனால வந்தது" என்று முகத்துக்கு நேரே சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது.

"வயித்தை யாராவது அமுக்கினாங்களா?"

"நான் விடல" என்றாள் கோமதி. முப்பிடாதி எண்ணெய்க் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

மறுபடியும் அதே சின்ன ஓட்டைகள் வழியாகவே உள்ளே போய், மாட்டிய குடலை விடுவித்து, இடைவெளியைத் தைத்து மூடினார். கருத்துப்போயிருந்த குடல் விடுபட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்ததாம். வெட்ட வேண்டி வரவில்லை. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கதையே வேற" என்று அவர் வெளியே வந்து சொன்னபோது, அதுவரை கண் கலங்காமல் நின்ற கோமதி ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாளாம். முப்பிடாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளைக் கேட்டால், "குழம்பு வாளியத் தூக்குனதுல கை வலி" என்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் எதைத் தின்றேன் என்று அவள் பார்த்ததைக் கண்காணிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது காவல். எனக்குப் புரிய இரண்டு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது எங்கள் குடும்பத்தில் நான் "போதும்" என்று சொல்ல முடியாது. சொன்னால் உடனே யாராவது, "வண்டிய எடுங்கலே!" என்று குரல் கொடுப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். கோமதி மட்டும் சிரிக்க மாட்டாள். போன வாரம் நிஜமாகவே வயிறு நிறைந்து, நாலாவது தோசைக்கு வேண்டாம் என்று கை காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தோசைக்கரண்டியை வைத்துவிட்டு என் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

தட்டை நீட்டினேன்.