காலிக் குடமும் நானும்

அறிவிப்புப் பலகையில் தொங்கும் தன் தாளைப் பிய்த்தெடுக்க வழி உண்டா என்று குமாஸ்தா சுற்றுமுற்றும் பார்த்தார். இல்லை. பலகைக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி மேனேஜர் மேசையில்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதினோரு வருஷம் திட்டு வாங்கிய மனுஷர் அவர். மாடியில் ஊழியர்களுக்காக நூலகம் திறக்கப்போகிறார்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஜன்னல் ஓரம் நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. முக்கியமாக, அங்கே யாரும் காலிக் குடத்தோடு வந்து நிற்க மாட்டார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பிக்கிறவர் தனக்குப் பிடித்த மூன்று புத்தகங்களைப் பரிந்துரைக்க வேண்டும்: ஒரு சுயசரிதை, ஒரு நாவல், ஒரு வரலாறு.

அங்கேதான் இடித்தது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்துக்குப் பிறகு அவர் முழுசாகப் படித்தது மருந்துச் சீட்டு மட்டும்தான். அதற்காக அசருகிற ஆளா? வருகிற மனுவைப் பிரிக்காமலே முத்திரை குத்தி, மேலே அனுப்பியாச்சு, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிப் பழகியவராயிற்றே. மேசையில் கிடந்த மனுக் கட்டில், உறைகளின் மேலே இருந்த மூன்று பெயர்களை எடுத்தார். மூன்று பேரையும் எழுத்தாளர் ஆக்கினார். நாவல், 'மாடிப்படியில் ஒரு மழைக்கோட்டு'. வரலாறு, 'பூட்டும் சாவியும்: தொடக்கம் முதல் திறப்பு வரை'. சுயசரிதையைக் குடத்தோடு வந்து நிற்கும் மூன்றாவது தெரு அம்மாவுக்குக் கொடுத்தார். 'காலிக் குடமும் நானும்'. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரி உருகியும் வைத்தார். வந்த விண்ணப்பம் அத்தனையும் எல்லோரும் படிக்க அறிவிப்புப் பலகைக்கு ஏறும் என்று அவர் கண்டாரா?

அந்த உருக்கம்தான் வினையாகப் போயிற்று. அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்த கணக்குப் பிரிவு அக்கா, அச்சடித்த எதையும் விட்டுவைக்காதவள், நேராக அவர் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, இந்தச் சுயசரிதை எங்க கிடைக்கும்? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"எப்படிம்மா கேள்விப்படுவ? அச்சுலயே இல்ல. நல்ல புத்தகம் எது அச்சுல இருக்கு?"

அவள் அத்தோடு போயிருப்பாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். ஊழியர்கள் படித்ததைத் தான் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வது அந்தப் பதவிக்கு அழகல்ல. தானும் அதைப் படித்ததாகவும், கடைசி அத்தியாயத்தில் கண் கலங்கிவிட்டதாகவும் சொன்னார். மீட்டர் பிரிவுக்காரர் சும்மா இருப்பாரா? பூட்டு வரலாற்றை ரெண்டு தடவை படித்தாராம், நடுவில் கொஞ்சம் இழுவையாம்.

குமாஸ்தாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, அப்படிப் புத்தகங்கள் நிஜமாகவே இருக்கின்றனவோ என்று.

நூலகத்துக்கு முதல் புத்தகமாக அந்தச் சுயசரிதையையே வாங்கிவிடலாம் என்றார் மேனேஜர். ஒரே ஒரு பிரதிதான் மிச்சம், அதுவும் எழுதியவரிடம் இருக்கிறது என்று குமாஸ்தா சமாளித்தார். அப்படியானால் எழுதியவரையே திறப்பு விழாவுக்கு அழைத்துவிடலாம் என்றார் மேனேஜர். அந்த அம்மா எங்கே இருக்கிறாரோ, யாருக்கும் முகவரி தெரியாது என்றார் குமாஸ்தா. கணக்குப் பிரிவு அக்கா எழுந்து போய், இணைப்புப் பதிவேட்டைப் புரட்டி, ஐந்தே நிமிஷத்தில் வந்தாள்.

"மூன்றாவது தெரு, எட்டாம் நம்பர் வீடு. நம்ம ஆபீஸ் குழாய்தான் சார்."

மேனேஜர் தன் காரையே அனுப்புவதாகச் சொன்னார். அன்று மாலை குமாஸ்தா வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, பேசாமல் லீவு போடுங்கள் என்றாள் மனைவி. அதெப்படி? பதினோரு வருஷம் வாயை வைத்துப் பிழைத்தவருக்கு அது மானப் பிரச்சினை. விழாவுக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மூன்றாவது தெரு அம்மா வந்தார். கையில் குடம் இல்லை, துணிப்பை இருந்தது. போன வாரம்தான், ரெண்டு நாளில் வந்துவிடும் என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார் குமாஸ்தா. இப்போது அந்த அம்மா அவரைப் பார்த்து நிறைந்த முகத்தோடு கும்பிட்டார். அது ஏன் என்று புரியாமல் குமாஸ்தாவும் கும்பிட்டு வைத்தார்.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். காலிக் குடம் என்பது வெறும் குடம் அல்ல, வாழ்க்கை என்றார். கடைசி அத்தியாயத்தைப் படித்துத் தான் அழுத கதையை இன்னும் கொஞ்சம் கண்ணீர் சேர்த்துச் சொல்லிவிட்டு, மைக்கை அந்த அம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மா பையிலிருந்து நூல் போட்டுத் தைத்த ஒரு தாள் கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"கடைசி அத்தியாயத்தை நேத்துதான் சார் எழுதினேன். இன்னும் உங்ககிட்ட குடுக்கவே இல்லையே. நான் எழுதினது மொத்தமே பதினாலு மனு. எல்லாம் இந்த ஆபீசுக்குத்தான்."

கூடம் கொல்லென்று சிரித்தது. மேனேஜர் தண்ணீர் கிளாசைத் தேடினார். கணக்குப் பிரிவு அக்கா மட்டும் சிரிக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். குமாஸ்தா அசரவில்லை. மனுவும் இலக்கியம்தானே, படித்துப் பார்த்துப் பரிந்துரைத்தது ஒரு குற்றமா என்று ஒரு போடு போட எழுந்தே விட்டார். வாயைத் திறக்கும் முன் அந்த அம்மா அவர் பக்கம் கையை நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் சார். நூலகத்துக்கு வேற யாரையாவது போட்டுக்கோங்க, இந்தத் தம்பியை மட்டும் புகார்ப் பிரிவை விட்டு மாத்திடாதீங்க. என் மனு அத்தனையும் படிச்சு, பிடிச்சிருக்குன்னு நாலு பேர் பார்க்கப் பலகையில எழுதிப் போட்ட ஒரே ஆபீசர் இவர்தான்."