மஞ்சளில் மூழ்கிய வினைச்சொல்லும் மீனலோசனியின் பெரும்போரும்

கொப்புடை நாயகி காக்கும் காரைக்குடியில், செக்காலைப் பகுதியில், ஒரு பிரிண்டரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் நாற்படையாக, ஓயாது தலையாட்டும் மேசை விசிறியே வெண்சாமரமாக, டைப்பிங் கடை என்னும் சிற்றரசை ஆண்டுவரும் மீனலோசனி வாழ்க! பதினோர் ஆண்டுகள் சென்னையில் ரஷ்ய இயந்திரக் கையேடுகளை ஆங்கிலமாக்கி, முறுக்கு, கழற்று, துடை, எண்ணெய் விடு என்னும் முரட்டு வினைச்சொற்களை எல்லாம் மண்டியிடச் செய்து ஊர் திரும்பிய வீராங்கனை அவள். அத்தகையவளை ஒரு வியாழக்கிழமைப் பிற்பகலில் ஒற்றை ரஷ்ய வினைச்சொல் எதிர்த்து நின்ற வரலாற்றை, அம்மன் துணையோடு, உள்ளபடி உரைக்கிறேன்.

தேக்கையும் பணியவைத்த தோளினரும் இழைப்புளியின் நாயகருமான தச்சர் வீரணன், இரண்டு மணி வெயிலில் வியர்வை மாலை சூடி, மடித்த கடிதம் ஒன்றை இரு கையாலும் ஏந்தி அந்த அவைக்குள் புகுந்தார். அவர் மகன் ஹரீஷ் ரஷ்யாவில் மருத்துவம் படித்து முடித்துத் திரும்பியவன். ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவன் சான்றிதழில், ‘விடுதியில் இவன்மீது ஒருமுறை விசாரணை நடந்தது’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு விளக்கமாக விடுதிக் காப்பாளர் அம்மையார் ரஷ்ய மொழியில் கைப்பட எழுதித் தந்த கடிதத்தின் ஆங்கில வடிவம் அன்று மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால், அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

மீனலோசனி கடிதத்தைப் பிரித்தாள். முதல் வரியை வென்றாள். ‘கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் பையன்’ என்ற இரண்டாம் வரியையும் வென்றாள். ‘விசாரணைக் குழுவின் முன் நான் இவனை’ என்று பாய்ந்து சென்ற அவள் பார்வை, அதற்கு அப்பால் கரையற்ற மஞ்சள் ஏரி ஒன்று கிடக்க, குதிரை மிரண்டாற்போல் நின்றது.

“என்னண்ணே இது, நடுவுல மஞ்சளு?”

“நல்ல காரியத்துக்குப் போற காயிதமில்லையா தாயி. நாலு மூலைக்கும் மஞ்ச தடவி, சாமிகிட்ட வச்சுக் குடுத்தா, நம்ம வீட்ல.”

“மடிச்சபடியே தடவுனாகளா?”

“பிரிச்சா தடவுவாக?”

மடித்த கடிதத்துக்கு மூலையாக இருந்தது, பிரித்த கடிதத்துக்கு நடுவாகிவிட்டது. குழைத்த மஞ்சளில் பேனா மை கரைந்து, அந்த வாக்கியத்தின் உயிரான வினைச்சொல் ஓர் எலும்பும் மிஞ்சாமல் மூழ்கிப்போயிருந்தது. ஹரீஷைப் போனில் கேட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவன் அவன். அவனுடைய ரஷ்யன் சந்தைக்கும் நோயாளியை நாக்கு நீட்டச் சொல்லவும் மட்டுமே போதும். அம்மையாரின் கையெழுத்தை அவன் படித்ததே இல்லை.

அப்போது மூண்டது போர். ஆதரிப்பதும் காப்பதுமாகிய ரஷ்ய வினைச்சொற்கள், அந்தக் காலியான அரியணைக்கு உரிமை கோரி, ஆங்கிலத் தேர்களில் ஏறி அணிவகுத்தன. முதலில் ‘ஸஷிஷாத்’, டிஃபெண்ட் என்னும் இரும்புத் தேரில் இடியென வந்தது. மீனலோசனி பொருள் சொன்னாள்.

“கொலக் கேசுல வக்கீலு பேசுறாப்புல இருக்கு தாயி. அத எறக்கிவிட்டுருங்க” என்றார் வீரணன்.

அடுத்து ‘பத்திர்ஷிவத்’, சப்போர்ட் என்னும் அகன்ற தேரில் அசைந்து வந்தது.

“முட்டுக் குடுக்குறதுதான? எம் மவன் என்ன சாயுற செவரா?”

‘அபெரிகாத்’ புரொடெக்ட் என்னும் மூடுதேரில் வந்து, இருபத்தைந்து வயது ஹரீஷைத் தொட்டில் பிள்ளையாக்கித் தோற்றது. கடைசியாக வந்த ‘ஸஸ்துபீத்ஸா’, ஒருவருக்காகக் குறுக்கே வந்து நிற்பது என்ற பொருளுடைய நல்ல சொல். பாவம், அதற்கு ஏற்ற தேர் ஆங்கிலத்தில் அகப்படாமல், நடந்தே வந்து மூச்சிரைத்து நின்றது. எது வென்றாலும் பொய்யே என்பதை மீனலோசனி அறிவாள். கண்ணால் காணாத சொல்லைக் கையேட்டில் போட்டால் இயந்திரம் கெடும். கடிதத்தில் போட்டால் மனிதன் கெடுவான். மணி மூன்றே முக்கால். வீரணன் மொபெட் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆதார் நகலுக்காக அரைமணியாகக் காத்திருந்த தேனம்மை ஆச்சி, நாற்காலியில் இருந்தபடியே வாய் திறந்தார்.

“எழுதுன மகராசி நல்லாத்தான இருக்காக? போன் போட்டுக் கேட்டா என்ன? எங் காப்பிய நாளைக்கு எடுத்துக்கிறேன், நீங்க பாருங்க.”

மூவேந்தரும் கூடி ஆராய்ந்தாலும் இத்தகைய போர்த்தந்திரம் உதித்திருக்காது. ஹரீஷிடம் எண் வாங்கி அழைத்தார்கள். மலை கடந்து, பனி கடந்து, செல்போன் திரையில் தலைத்துணி கட்டிய அம்மையார் உருளைக்கிழங்கு உரித்தபடி தோன்றினார். என்ன சொல் எழுதினோம் என்பது அவருக்கு நினைவில்லை. என்ன செய்தோம் என்பது நினைவிருந்தது. மீனலோசனி கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

ஹரீஷ் பொதுச் சமையலறையில் கருவாடு வறுத்தானாம். புகையில் அபாய மணி அலற, முந்நூறு பேர் பனியில் போய் நின்றார்களாம். அவனை வெளியேற்றக் குழு கூடியபோது அம்மையார் எழுந்து, “அந்த மீனில் பாதியைத் தின்றவள் நான். அனுப்பினால் எங்கள் இருவரையும் அனுப்புங்கள்” என்றாராம். உண்மையில் அதுவரை அவர் தின்றிருக்கவில்லை. சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, திரும்பி வந்து, மீந்திருந்ததில் பாதியைத் தின்றாராம். மூன்று நாள் வயிறு சரியில்லையாம்.

வீரணன் திரையை நோக்கிக் கைகூப்பினார். “கும்புட்டதாச் சொல்லுங்க தாயி” என்றார்.

மஞ்சள் பட்ட இடத்தில் எந்தச் சொல்லைப் போடட்டும் என்று மீனலோசனி கேட்க, “நடந்ததையே போடு” என்றார் அம்மையார். பெரிய சொற்கள் வழியறியாது மயங்கும்போது சின்ன இரக்கம் ஒன்று நேராக நடந்து போய்விடும் என்பதை அங்கிருந்தோர் அனைவரும் கண்டார்கள். சொல் அழிந்ததையும் தொலைபேசியில் கேட்டு எழுதியதையும் அடிக்குறிப்பாக வைத்து, மீனும் வயிறும் உட்பட அனைத்தையும் மீனலோசனி குற்றமற்ற ஆங்கிலத்தில் வடிக்க, பிரிண்டர் போர்முரசென அதிர, வெற்றித் தாளை வீரணன் நெஞ்சோடு அணைத்து, மொபெட் என்னும் பட்டத்து யானை மேலேறி, புழுதி வானளாவ, ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில் ஆஸ்பத்திரி வாயிலை எய்தினார்.

அலுவலகத்தில் கடிதத்தைப் படிக்காமலே ஃபைலில் வைத்துக்கொண்டு, ஹரீஷைத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச்சொன்னார்கள்.