எழும்பாத சர்வர்

மறுபடியும் அதே சிவப்பு வரிதான் வந்தது. ஃபைல் ஷேரிங் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகவில்லையாம். விஜயராஜ் ஆபீஸ் சர்வரை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தான்.

"என்ன விஜயராஜ், ஃபோல்டர் தொறக்கலியே?" என்றாள் பக்கத்து மேஜை இசபெல்லா. "வத்தல் கண்டெய்னருக்கு வேண்டிய பேப்பர் பூரா அதுக்குள்ளதான கெடக்கு?"

"இந்தா, அஞ்சு நிமிசம்."

விளாத்திகுளம் மிளகாய் வத்தல் நிறைந்த கண்டெய்னர் துறைமுக வாசலில் நின்றது. மதியத்துக்குள் பேப்பர் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். முதலாளி ராஜபாண்டி அண்ணாச்சி விஜயராஜை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எப்போதோ பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிவிட்ட பாவத்துக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டர் அத்தனையும் அவன் தலையில் விழுந்திருந்தன. அதைவிடப் பெரிய பாவம், நேற்று சாயங்காலம் யாரையும் கேட்காமல் சர்வருக்கு ஒரு அப்டேட் போட்டது.

இன்டர்நெட்டில் ஒரு புண்ணியவான் சொன்னபடி செட்டிங்கில் இரண்டு வரியை மாற்றினான். சர்வீஸ் எழும்பவில்லை, பிரிண்டரும் சேர்ந்து படுத்துவிட்டது. இன்னொரு புண்ணியவான் நெட்வொர்க் நம்பரை மாற்றச் சொன்னார். மாற்றினான். ஆபீஸுக்கே இன்டர்நெட் போய்விட்டது. இனிப் புண்ணியவான்களையும் கேட்க முடியாது.

"மாதாவே! நான் அடிச்சிட்டிருந்த மெயில் போச்சே!" என்று அலறினாள் இசபெல்லா. "நீ ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தாலே போதும்."

பயம் எங்கே சும்மா இருக்க விடும்? அந்த சர்வீஸையே அடியோடு அழித்துவிட்டு, பென் டிரைவிலிருந்து புதிதாகப் போட்டான். எல்லோருடைய பாஸ்வேர்டும் போனது. அதற்குப் பிறகுதான், சர்வர் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்து படித்தான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்வதுதானே பயந்தவன் வழக்கம். அதில் தெளிவாக எழுதியிருந்தது: ஷேர் செய்ய வேண்டிய ஃபோல்டரைக் காணோம்.

காணோமா? இத்தனை வருடக் கணக்கு, பில், வத்தல் பேப்பர், எல்லாவற்றையும் அந்த அப்டேட் தின்றுவிட்டதா? விஜயராஜுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து ராஜபாண்டி உள்ளே வந்தார்.

"என்னலே, பேயறஞ்ச மாதிரி நிக்க?"

"அண்ணாச்சி... நான்தான் அப்டேட் போட்டேன். எல்லாம் அழிஞ்சிட்டு. என்னைய வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திருங்க."

ராஜபாண்டி சிரித்துவிட்டார். "கோட்டிக்காரா! சர்வருக்குப் பின்னால ஒரு டிஸ்க் தொங்கிச்சுல்லா, அத காலைல நான்தாம்லே கழத்துனேன். நாளைக்கு ஆயுத பூசை. முன்னயெல்லாம் கணக்கு நோட்ட சாமி முன்னால வைப்போம். இப்ப நோட்டு ஏது? கணக்கெல்லாம் அதுக்குள்ளதான இருக்கு. அதான் பொட்டு வைக்கக் குடுத்தேன்."

விஜயராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கப்பலும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது. முதலாளி காலில் விழாத குறைதான்.

ராஜபாண்டி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே சுடலைமாடா! காலைல தந்தேம்லா, அந்தக் கறுப்பு டப்பாவ எடுத்துட்டு வா."

லாரி டிரைவர் சுடலைமாடன் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். டப்பாவின் மேல் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"இந்தாங்க அண்ணாச்சி. லாரி கழுவுன பைப்பு கையிலதான் இருந்துச்சு, இதையும் ஷாம்பு போட்டு அழுக்குப் போவக் கழுவிட்டுத்தான் பொட்டு வச்சேன்."