பொது ஸ்டெப்னி

தில்லியில் சராசரி சாரைப் போல நியாயமான மனுஷன் கிடையாது. அந்த நியாயத்தில் மாட்டிக்கொண்டு என் அளவுக்குச் சீரழிந்தவனும் கிடையாது.

நான் டாக்சி ஓட்டியவன். ஊர் சங்ககிரிப் பக்கம். லாரியில் கிளீனராக தில்லிக்கு வந்தேன். லாரி திரும்பிப் போனது. நான் போகவில்லை. பல வருஷம் கழித்து ஒரு பழைய அம்பாசடர் வாங்கி, பர்மிட் எடுத்து, கறுப்பும் மஞ்சளும் அடித்து, ஆர்.கே.புரம் டாக்சி ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஸ்டாண்டில் எல்லோரும் சர்தார்ஜி. நான் ஒருத்தன் தமிழன்.

ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அதில் கீழ்வீட்டில் சராசரி சார் இருந்தார். திருநெல்வேலிக்காரர். ஏதோ ஒரு மத்திய சர்க்கார் மந்திராலயத்தில் செக்‌ஷன் ஆபீசர். பேர் வைத்தது அவருக்கு மேல்வீட்டு டாக்டர். எந்தத் தகராறு வந்தாலும் சார் ரெண்டு பக்கத்தையும் கூட்டி ரெண்டால் வகுத்துவிடுவார். அதுதான் தீர்ப்பு.

ஒரு வருஷம் காலனித் தமிழர்கள் சேர்ந்து பொங்கல் வைத்தார்கள். சர்க்கரைப் பொங்கல் என்று பாதிப் பேர், வெண்பொங்கல் என்று பாதிப் பேர். ரெண்டு பானை வைத்தால் முடிந்தது. சார் விடவில்லை. ஒற்றுமை போய்விடுமாம். ஒரே பானையில் வெல்லத்தையும் போட்டார், மிளகு சீரகத்தையும் தாளித்துக் கொட்டினார். ஸ்டாண்டு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு மலை மந்திர் பக்கம் ஓடியது. ரெண்டு நாள் திரும்பி வரவில்லை. சார் மட்டும் மூணு வேளையும் அதையே சாப்பிட்டார். "நல்லாத்தான்டே இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஆபீசிலும் இதே கதைதான். ஒருத்தனுக்கு ஃபேன் வேகமாகச் சுத்தணும், இன்னொருத்தனுக்குச் சுத்தவே கூடாது. நடுவில் வைத்தார். ஒருத்தனுக்கு வேர்த்தது, ஒருத்தனுக்கு ஜலதோஷம். "ரெண்டு பேருக்கும் சரிசமமாக் கஷ்டம். இதுக்கு மேல என்னடே நியாயம் வேணும்?" என்று என்னிடமே கேட்டார்.

அவர் மச்சினர் ஒருமுறை ஊருக்குக் கிளம்பினார். ரயில் புது தில்லி ஸ்டேஷனில் என்றார் மச்சினர். பழைய தில்லி என்றார் அவர் சம்சாரம். சார் என்னிடம் சாவ்டி பஜாரில் நிறுத்தச் சொன்னார். ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடு அதுதானாம். மச்சினர் பெட்டியோடு அந்த நெரிசலில் இறங்கி நின்ற முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரயில் போய்விட்டது.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்தவன்தான். அவர் என் டிக்கிக்குள் கை வைக்கும் வரைக்கும்.

டாக்டரிடம் ஒரு ஹெரால்டு கார் இருந்தது. ஒருநாள் அதன் ஸ்டெப்னி, டிக்கியில் கிடக்கும் மாற்றுச் சக்கரம், திருட்டுப் போய்விட்டது. சார் அன்றைக்கு சாயங்காலமே கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் மூன்று பேர். சார், டாக்டர், நான். இதில் சாருக்குக் காரே கிடையாது. ஃபியட் புக் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் கார் புக் பண்ணினால் மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் பிறந்து, அவனுக்கு மீசை முளைத்தாலும் கார் வராது.

"டாக்டரே, ஒங்க வண்டி ஓடும்போது ஸ்டெப்னி என்ன செய்யும்?"

"டிக்கியில இருக்கும்."

"சும்மா."

"சும்மாத்தான் சார் இருக்கும். அதுக்குத்தானே அது."

"எங்க ஆபீஸ்ல லீவ் ரிசர்வ்னு ஒருத்தன் உண்டு. எந்த செக்‌ஷன்ல ஆள் வரலியோ அங்க போய் உக்காருவான். அத்தனை செக்‌ஷனுக்கும் அவன் ஒருத்தன்தான். நீங்க என்னடான்னா வண்டிக்கு ஒரு ஆளைப் படுக்க வச்சு ஊர்கோலம் கூட்டிட்டுப் போறீங்க. மூணு வண்டிக்கும் பொதுவா ஒண்ணு போதும்லா?"

"மூணாவது வண்டி எது?"

"எனக்கு வரப்போறது."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "என் வண்டிக்குப் பதிமூணு இஞ்சு. இவன் அம்பாசடருக்குப் பதினஞ்சு. எப்படி சார் பொதுவாகும்?"

சார் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் வகுக்கிறார் என்று அர்த்தம்.

"பதினாலு" என்றார்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஃபியட்டுக்குப் பதினாலு. அப்படிச் சொல்லுங்க. வராத உங்க காருக்கு எங்க தலையில டயரா?"

சார் முகம் சின்னதாகிவிட்டது. "கணக்குல வந்த நம்பர் அது. நானாக் கொண்டாரலை டாக்டரே."

"நீ சொல்லேம்ப்பா" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து.

"பதினாலு பதினஞ்சுக்கு ஏறாதுங்க" என்றேன்.

"எலே சங்ககிரி, காத்தைக் கொஞ்சம் கூட அடிச்சா பதினஞ்சு. கொறச்சா பதிமூணு. இதுகூடத் தெரியாமலா வண்டி ஓட்டுத?"

டாக்டர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். பேசாதவனும் எழுந்து போனவனும் சம்மதம் என்று சார் எடுத்துக்கொண்டார். மந்திராலயத்தில் அப்படித்தானாம்.

அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போனேன். வண்டியை எப்போதும் போல சார் வாசலில் விட்டேன். சாவியை அவர் வீட்டு ஆணியில் மாட்டினேன். என் அறை முனிர்க்காவில், சைக்கிள் கூட நுழையாத சந்தில். வேறு எங்கே விடுவது.

திரும்பி வந்த மறுநாள் காலையில் வண்டிக்குப் பாசிங். பாசிங் என்றால் வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார். பிரேக், விளக்கு, ஹாரன், ஸ்டெப்னி எல்லாம் சரியாக இருக்கணும். எனக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். தவறினால் பர்மிட் போகும். என் பர்மிட் எப்போது போகும் என்று ஒரு கூட்டமே காத்திருந்தது. பர்மிட் போனால் வண்டி வெறும் தகரம். நான் மறுபடியும் லாரி கிளீனர்.

டிக்கியை ஏன் முன்னாடியே திறந்து பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பூட்டின வீட்டில் அரிசிப் பானை இருக்கிறதா என்று தினமுமா பார்க்கிறோம்?

ஊருக்கு வடக்கே யமுனைப் பக்கம் ஒரு மைதானம். மே மாத வெயில். இன்ஸ்பெக்டர் கண்டிப்பான ஆள், ஆனால் யோக்கியர். பிரேக் பார்த்தார், சரி. விளக்கு பார்த்தார், சரி. ஸ்டெப்னியைக் காட்டு என்றார். திறந்தேன்.

உள்ளே ஒரு ஃபியட் சக்கரம் படுத்திருந்தது. பதினாலு இஞ்சு. அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் அழகான தமிழ் எழுத்து. 'பொது.'

"கிஸ்கா ஹை?" என்றார் இன்ஸ்பெக்டர். யாருடையது என்று கேட்கிறார். எனக்கு மூளை நின்றுவிட்டது. எழுதியிருந்ததை அப்படியே இந்தியில் சொன்னேன்.

"சப்கா, சாப்."

எல்லோருடையதும். பின்னால் வரிசையில் நின்ற சர்தார்ஜிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கேட்டை மூடுவேன், அதற்குள் இந்த வண்டியின் ஸ்டெப்னியோடு வா என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பக்கத்து டீக்கடையில் போன் இருந்தது. சாரின் ஆபீசுக்குப் போட்டேன்.

"சார், என் ஸ்டெப்னி எங்கீங்க?"

"டிக்கியில இருக்கேடே. பாத்தியா, பெயிண்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கேன்."

"அது இல்லீங்க. என்னோடது."

"அதுவா. அது சரண்டர் ஆயிட்டு. பொது வந்த பெறவு சொந்தம் எதுக்கு? கஷ்மீரி கேட்ல ஒரு கடையில குடுத்து இதை மாத்திட்டு வந்தேன். ஒன் டிக்கி பெருசுல்லா, அதான் அங்க வச்சேன்."

"டாக்டர் ஒத்துக்கிட்டாருங்களா?"

"அவர் வண்டிக்கு மாட்டிப் பாத்தேன். ஏறலை. காத்தக் கொறச்சேன். அப்பவும் ஏறலை. அந்த ஹெரால்டுலதான் ஏதோ கோளாறு."

என் வாழ்நாளில் நான் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். "சார், இன்னிக்குப் பாசிங். பன்னெண்டு மணிக்குள்ள என் டயர் வரலைன்னா என் பர்மிட் போச்சு. உங்க நியாயத்துல என் வண்டி நிக்குது. என் குடும்பம் நிக்குது. இதுக்கு எதைக் கூட்டி எதால வகுப்பீங்க? வகுத்துச் சொல்லுங்க."

சார் போனை வைத்துவிட்டார்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. வரிசையில் ஒவ்வொரு வண்டியாகப் பாஸ் ஆகி வெளியே போனது. ஒவ்வொருத்தனும் போகிற போக்கில் ஜன்னல் வழியாக "சப்கா" என்று கத்திவிட்டுப் போனான். கடைசி வண்டியும் போனது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் முகம் துடைத்தார். கேட்காரன் கேட்டை இழுக்க ஆரம்பித்தான்.

ரோட்டில் தூசி கிளம்பியது. தூசிக்குள் ஒரு டயர் வந்தது. டயருக்குப் பின்னால் சார் வந்தார்.

வெள்ளைச் சட்டை கரியாகிவிட்டது. சட்டைப் பையில் இருந்த பேனா மை கொட்டி, கரிக்கு நடுவில் நீலம். கஷ்மீரி கேட்டிலிருந்து அங்கே வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். பஸ்ஸில் ஏறினாராம். டயருக்கு முழு டிக்கெட் எடு என்றானாம் கண்டக்டர். எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? என் பிழைப்பு கேட்டில் நிற்கிறது. இவர் அரை டிக்கெட்தான் நியாயம் என்று வாதாடியிருக்கிறார். டயரோடு இறக்கிவிட்டான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். நேரமாகிவிட்டது, நாளைக்கு வா என்றார். நாளைக்கு என் பர்மிட் செத்திருக்கும். நான் இன்றைக்கே என்றேன். அவர் நாளைக்கு என்றார்.

சார் கண்ணை மூடினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இன்றைக்கும் நாளைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நடுராத்திரி. இந்த மனுஷன் நடுராத்திரிக்கு வரச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தார். அவருடைய இந்தி திருநெல்வேலி இந்தி. இத்தனை வருஷத்தில் தாமிரபரணியைத் தாண்டாத இந்தி. அதில் சொன்னார்.

"கல்தி மேரா, சாப். பூரா மேரா. ஆதா நஹீன்."

தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. பாதி இல்லை.

பாதி இல்லை என்று அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கரியைப் பார்த்தார், மையைப் பார்த்தார். கேட்காரனை நிற்கச் சொன்னார். டயரை ஷூவால் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாஸ். ஜாவ்."

திரும்பும்போது சார் முன் சீட்டில் உட்கார்ந்தார். கஷ்மீரி கேட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் "மணி என்னடே ஆச்சு?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். இடது மணிக்கட்டில் வாட்ச் இல்லை. வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"வாட்ச் எங்கீங்க?"

"கடைக்காரன் பதினாலைக் கொண்டா, பதினஞ்சைத் தாரேன்னான். பதினாலு ஒன் டிக்கியிலல்லா கெடக்கு. வாட்சைக் குடுத்துட்டு வந்தேன்."

"போய்ப் பதினாலைக் குடுத்துட்டு வாட்சை வாங்கிருவோங்க. வழிதானே."

"அதெப்படிடே? டயர் பொதுச் சொத்து. அதை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது. வாட்ச் என் சொந்தம். அது போனாப் போகுது."

எனக்கு ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கஷ்மீரி கேட்டுக்குத் திருப்பினேன். கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

ஸ்டாண்டு வந்தது. இறங்கும் முன்னால் கேட்டார்.

"கோவம் இருக்காடே?"

"முழுசா இருக்குங்க."

"பாதியாக் கொறச்சுக்கிடேன்."

நான் குறைக்கவில்லை, ரொம்ப நாளைக்கு.

அதற்குப் பிறகு அவர் வாட்ச் கட்டவில்லை. ரோட்டில் போகிற ரெண்டு பேரிடம் மணி கேட்பார். ரெண்டு பேரும் வேறு வேறு சொன்னால் நடுவில் ஒன்றை வைத்துக்கொள்வார். அதனால் தினமும் ஆபீசுக்கு லேட்.

ஃபியட் வரவே இல்லை. அவர் ரிடையர் ஆகிற வரைக்கும் வரவில்லை. ஒரு பதினாலு இஞ்சு கார் கூட அந்த வாசலில் வந்து நிற்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கிளம்பினபோது நான்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனேன். இந்த முறை எந்த ஸ்டேஷன் என்று நானே விசாரித்துவிட்டேன். டிக்கியில் பெட்டி வைக்க இடமில்லை, அந்தப் பதினாலைத் தூக்கி எறியட்டுமா என்றேன்.

"பொதுச் சொத்துடே" என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

எந்த வண்டிக்கும் ஆகாத அந்தச் சக்கரத்தை, அம்பாசடரை விற்கிற வரைக்கும் டிக்கியிலேயே சுமந்தேன். பெட்ரோலுக்குக் கேடு. சாமான் வைக்க இடமில்லாமல் சவாரி இழந்திருக்கிறேன். ஒவ்வொரு பாசிங்கிலும் இன்ஸ்பெக்டர் என் ஸ்டெப்னியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடக்கிற இன்னொன்றைக் காட்டி இது யாருடையது என்று கேட்பார்.

சப்கா என்று நான் சொன்னதில்லை. எங்க சாரோடது என்பேன்.